தளபதிக்குப் பொன் பூசுதல்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு கடிகாரத்துக்குத் துணையாக நிற்கிறார். ராணுவ உடை, இடுப்பில் வாள், கையில் சுருட்டிய தாள். பக்கத்தில் ஒரு சதுரப் பீடம், அதன் நடுவில் வெள்ளை எனாமல் முகப்பு, உச்சியில் உருண்டைமேல் அமர்ந்த கழுகு. முகப்பைத் தவிர எல்லாமே பொன்னிறம். கணப்பு அடுப்பின் மேல்தட்டில் வைப்பதற்காகச் செய்தது. பெரிய அளவு சுமார் 50 சென்டிமீட்டர் உயரம், சிறிய அளவு 38 சென்டிமீட்டர் போல இருக்கும். டெலவேரிலுள்ள விண்டர்தூர் அருங்காட்சியகத்திலும் இதே கடிகாரம் உண்டு.

முகப்பில் துபுக் என்ற பெயரும், ரூ மிஷேல்-லெ-கோந்த் 33, பாரிஸ் என்ற முகவரியும் எழுதியிருக்கும். ழான்-பாப்டிஸ்ட் துபுக் 19ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இதைச் செய்வித்து விற்றவர். செய்வித்தவர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காலப் பாரிஸ் கடிகாரம் ஒன்றைக் கழற்றிப் பரப்பினால் வரைபவர், மாதிரி செய்பவர், வார்ப்பாளர், செதுக்குபவர், பொருத்துபவர், முலாம் பூசுபவர், மெருகிடுபவர், எனாமல்காரர், எண் எழுதுபவர், இயந்திரம் செய்பவர் என்று பத்துப் பேர் கைவேலை அதில் கிடக்கும். பெயர் மட்டும் பெரும்பாலும் ஒருவருடையது, அதுவும் அநேகமாகக் கடைக்காரருடையது. அந்தப் பத்துப் பேர் வழியாகவே இந்தக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மேலே நிற்கும் தளபதியைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு எழுதியாகிவிட்டது.

பத்துப் பேரும் ஒரே முதலாளியின் கீழ் வேலை செய்வது பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் எளிதல்ல. வார்ப்பவர்களுக்கு ஒரு தொழிற்சங்கம், முலாம் பூசுபவர்களுக்கு இன்னொன்று. ஒருவர் எல்லையில் மற்றவர் கை வைத்தால் வழக்கு. 1776இல் இரண்டையும் இணைத்தார்கள். 1791இல் சங்க முறையே ஒழிந்தது. அதன் பிறகுதான் வெண்கல முதலாளிகள் பெருகினார்கள். அவர்களில் பெரியவர் பியேர்-பிலிப் தொமீர். 1804இல் லிஞெரோ என்ற வணிகரின் வியாபாரத்தை வாங்கியபின் அவரிடம் 700, 800 பேர் வேலை செய்தார்கள் என்பார்கள். மற்ற சிறு முதலாளிகள் மரே பகுதியின் நெருக்கமான தெருக்களில் பட்டறைக்குப் பட்டறை துண்டுகளை அனுப்பி வேலை வாங்கினார்கள். துபுக்கின் தெருவும் மரேயில்தான் இருக்கிறது.

யாரை நிறுத்துவது

முதல் வேலை, ஆளைத் தேர்ந்தெடுப்பது. நெப்போலியன் காலத்துப் பாரிசில் போரும் புராணமும்தான் விலைபோயின. தலைக்கவசம், சிங்கத்தோல், ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்த்த ஈட்டிகளும் கொடிகளும், போர்த்தெய்வம் மார்ஸ், அறிவுக்கும் போருக்கும் உரிய மினர்வா, இறக்கை விரித்த வெற்றித்தேவி. 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போனதும் ஸ்பிங்க்ஸ்களும் வந்து சேர்ந்தன. ஓவியர் டேவிட் 1784இல் தீட்டிய 'ஹொரேஷியர்களின் சூளுரை' ஓவியத்தில் தந்தை நீட்டும் வாள்களை நோக்கி மூன்று மகன்கள் கை நீட்டுவார்கள் அல்லவா, அந்தக் காட்சியும் பொன்முலாம் பூசி அடுப்பின்மேல் ஏறியது. அதை க்ளோத் கால் என்ற வெண்கலக் கலைஞருடையதாகச் சொல்வது வழக்கம்.

உருவத்தைப் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கடையில் விற்கும் அச்சுப்படமே போதும். துபுக்கின் வாஷிங்டன், அமெரிக்க ஓவியர் ஜான் ட்ரம்புல் வரைந்த உருவத்தின் வழியில் வந்தவர். அடிப்பீடத்தின் முன்பக்கத்தில் அவர் படைத்தலைமையைத் துறக்கும் காட்சி புடைப்பாக இருக்கிறது. அது நடந்தது 1783 டிசம்பர் 23, அனாபொலிஸ் நகரில். அதற்கு மேலே மடிந்து தொங்கும் துணிபோல் செதுக்கிய பட்டையில், போரிலும் அமைதியிலும் நாட்டு மக்கள் நெஞ்சிலும் அவரே முதல்வர் என்று ஹென்றி லீ இரங்கலுரையில் சொன்ன வாசகம் ஆங்கிலத்தில். இவ்வளவும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்துச் செய்தி. வேலை முழுக்க இந்தப் பக்கம்.

வாங்குபவர் மனசும் கணக்கில் வரும். 1817இல் அதிபர் மன்ரோ வெள்ளை மாளிகைக்குக் கடிகாரங்கள் வேண்டுமென்று பிரான்சிலிருந்த முகவர்களுக்குச் சொல்லி அனுப்பியபோது ஆடையில்லாத உருவங்கள் கூடாது என்பது நிபந்தனை. நிர்வாணமில்லாத கடிகாரம் கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது என்று முகவர்கள் அலுத்துக்கொண்டார்கள். கடைசியில் அகப்பட்டவற்றில் ஒன்று தெனியேர், மத்தெலான் பட்டறையின் ஹன்னிபால். கார்தேஜின் தளபதி போர்க்கோலத்தில் இருந்ததால் அதிபரின் மானம் தப்பித்தது.

தேர்ந்த வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து பதிவுசெய்வதும் உண்டு. 1793ஆம் ஆண்டுச் சட்டம் கலைஞர்களின் உரிமைக்குப் பாதுகாப்பு கொடுத்தது. தெவெர்பெரி என்ற முதலாளி அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களைப் பெண்ணுருவாக்கிய கடிகார வரைபடங்களை 1799இல் பதிவு செய்தார். ஆந்த்ரே ரெய்ஷ் 'டெலிமக்கின் தேர்' கடிகாரத்தை 1807இல் பதிந்தார். பதிந்ததால் யாரும் திருடாமல் இருந்துவிடவில்லை. ஒரே உருவம் நாலு பட்டறையின் பெயரில் கிடைப்பது இன்றைக்கும் ஏலக்காரர்களைக் குழப்புகிறது.

மணலும் உலோகமும்

மாதிரி செய்பவர் முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ உருவத்தைப் பிடிப்பார். அதிலிருந்து பிளாஸ்டர், பிளாஸ்டரிலிருந்து வெண்கலத்தில் ஒரு மூலப்படி. இந்த மூலப்படிதான் பட்டறையின் சொத்து. முதலாளி செத்தால் ஏலத்தில் போவதும் இதுதான். இதை முழு உருவமாக வைத்திருக்க மாட்டார்கள். தலை, உடல், நீட்டிய கை, வாள், கழுகு, அதன் இறக்கை, உருண்டை, பீடத்தின் பலகைகள் என்று துண்டு துண்டாக அறுத்து, மூட்டு விழும் இடம் சட்டைக்கையின் விளிம்பிலோ இடுப்புப் பட்டையின் கீழோ மறையும்படி திட்டமிடுவார்கள். நல்ல கடிகாரத்தில் மூட்டைக் கண்டுபிடிக்க விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும்.

துண்டாக்குவதற்குக் காரணம் மணல். ஒரு முறை மட்டும் வார்ப்பதற்கு மெழுகு உருகும் முறை போதும். ஐம்பது படி வேண்டுமென்றால் மணல் அச்சுதான். பாரிஸ் வார்ப்பாளர்கள் நகருக்குத் தெற்கேயுள்ள ஃபொந்தெனே-ஓ-ரோஸ் ஊரின் மணலை விரும்பினார்கள். பொடிப்பொடியான மஞ்சள் மணல், கொஞ்சம் களிமண் கலந்தது. ஈரப்படுத்திக் கையில் பிடித்தால் ரேகை பதியும். இரும்புச் சட்டத்தில் மணலை இடித்து நிரப்பி, மூலத்துண்டைப் பாதி புதைத்து, மேலே பொடி தூவி, இரண்டாம் சட்டத்தை வைத்து மறுபடி இடிப்பார்கள். பொடி தூவுவது இரண்டு பாதியும் ஒட்டாமல் பிரிவதற்கு. பிரித்து மாதிரியை எடுத்தால் மணலில் அதன் குழி. மாதிரியில் உள்ளொடுங்கிய மடிப்பு இருந்தால் எடுக்கும்போது மணல் பிய்ந்து வரும். அந்த இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு சிறு மணற்கட்டி செய்து செருகுவார்கள். தளபதியின் அங்கியில் மடிப்பு கூடினால் மணற்கட்டியும் கூடும், கூலியும் கூடும்.

உடல்போன்ற பெரிய துண்டு கெட்டியாக இருக்கக் கூடாது. உலோகம் வீணாவதோடு, தடித்த இடமும் மெல்லிய இடமும் வெவ்வேறு வேகத்தில் ஆறி வெடிப்பு விழும். அதனால் நடுவில் மணற்கரு ஒன்றைக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டு, கருவுக்கும் அச்சுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். உலோகம் நுழைய ஒரு வாய்க்கால், காற்று வெளியேற வேறு துளைகள். பிறகு அச்சை அடுப்பில் நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் உருகிய உலோகம் பட்டதும் அது நீராவியாகிச் சீறும். வார்ப்பு கெடுவது மட்டுமல்ல, ஊற்றுபவர் முகமும் போகும்.

மூசையில் உருகுவது வெண்கலம் என்று சொல்கிறோம். உண்மையில் அது பித்தளைக்கு நெருங்கிய சொந்தம். ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு செம்பு, மிச்சத்தில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சமாய் வெள்ளீயமும் காரீயமும். இதை நாலு பக்கமிருந்தும் யோசித்து வைத்த கணக்கு என்றே சொல்ல வேண்டும். மெல்லிய இடுக்குக்குள்ளும் ஓட வேண்டும், உளிக்கு இணங்க வேண்டும், கடைசலில் உடையக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேல் தங்கத்தை அதிகம் குடிக்கக் கூடாது. உலோகத்தில் நுண்துளை மலிந்தால் பொன் முழுக்க உள்ளே இறங்கிவிடும், மேலே ஒன்றும் தெரியாது. முதலாளிக்கு நஷ்டம் அங்கேதான்.

உளி

அச்சை உடைத்து எடுத்த துண்டைப் பார்த்தால் தளபதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கறுத்த தோல், இரண்டு சட்டம் சேர்ந்த இடத்தில் ஓடும் முகடு, உலோகம் பாய்ந்த வாய்க்கால்களின் முண்டு. வாய்க்காலை ரம்பத்தால் அறுத்து, முகட்டை அரத்தால் ராவி, குமிழி விழுந்த குழியில் பித்தளை ஆணி அறைந்து மட்டமாக்குவது முன்வேலை. அதன் பிறகு துண்டைக் குங்கிலிய மெழுகில் பதித்து அசையாமல் நிறுத்தி, செதுக்குபவர் உட்காருவார்.

இந்தத் தொழிலின் உயிர் இங்கே இருக்கிறது. வார்ப்பு தருவது உருவத்தின் பருமனை மட்டும். இமை, உதடு, மயிர்க்கற்றை, தோள்பட்டைக் குஞ்சத்தின் ஒவ்வொரு நூலும், வாள்பிடியின் சுற்றுக்கம்பி, கழுகின் இறகில் நடுநரம்பிலிருந்து இரு பக்கமும் சரியும் கோடு, இவையெல்லாம் உளியால் வருபவை. உளிகள் இரண்டு இனம். ஒன்று வெட்டி உலோகத்தை எடுப்பது. மற்றது முனையில் புள்ளியோ வரியோ வைத்த சிறு முத்திரை உளி. அது எடுக்காது, தட்டித் தட்டி மேற்பரப்பை நுண்மணலாக மாற்றும். சீருடைத் துணிக்கு ஒரு மணல், பீடத்தின் பின்னணிக்கு வேறு மணல். சில மில்லிமீட்டர் அகல இடத்தில் ஆயிரம் தட்டு. தட்டுகளின் இடைவெளி ஒன்றாக இல்லாவிட்டால் முலாம் பூசிய பின் திட்டுத்திட்டாகத் தெரியும். அப்போது திருத்த வழியில்லை.

பழைய கடிகாரத்தை மதிப்பிடுவோர் முதலில் உருப்பெருக்கியைத் தளபதியின் முகத்துக்குக் கொண்டு போவதில்லை; தோள் குஞ்சத்துக்கும் கழுகின் காலுக்கும் கொண்டு போவார்கள். முகத்தில் எல்லாப் பட்டறையும் கவனம் வைக்கும். யாரும் பார்க்காத இடத்தில் கழுகின் நகம் தனித்தனியாகப் பிரிந்திருந்தால் அது கூலி கொடுத்துச் செய்வித்த பொருள். மற்றொரு படியிலிருந்து அச்செடுத்த போலியில் அந்த நகங்கள் குழைந்து ஒன்றாகியிருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி ஒரு இழை சிறியதாகவும் இருக்கும்.

செதுக்கி முடித்த துண்டுகளைப் பொருத்துபவர் வாங்கி, துளையிட்டு, மரையாணியால் கட்டிப் பார்ப்பார். முலாம் பூசும் முன்னரே முழுக் கடிகாரமும் ஒரு முறை எழுந்து நிற்க வேண்டும். பூசிய பின் அரம் வைக்க முடியாது. அந்தக் காலத்தில் மரைக்கு நாடு முழுவதற்கும் பொதுவான அளவு கிடையாது. ஒவ்வொரு ஆணியும் அதனதன் துளைக்கென்று கையால் மரை வெட்டியது. அதனால் ஆணித் தலையிலும் துளையோரத்திலும் கோடோ புள்ளியோ எண்ணோ கீறி வைப்பார்கள். மூன்று கோடுள்ள ஆணி மூன்று கோடுள்ள துளைக்கே போகும். கடிகாரத்தின் அடியில் அந்தக் கீறல்கள் இன்றும் ஒத்துப்போனால் துண்டுகள் பிறவியிலேயே ஒன்றாக இருந்தவை என்று நம்பலாம்.

ரசமும் நெருப்பும்

அதன்பின் கடிகாரத்தை மறுபடி அவிழ்த்து, துண்டு துண்டாக முலாம் பட்டறைக்கு அனுப்புவார்கள். இங்கேதான் என் எழுத்து கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

முதலில் துண்டைத் தழலில் காய்ச்சி எண்ணெயையும் அழுக்கையும் எரித்து, நீர்த்த அமிலத்தில் போட்டுக் கருப்புத்தோலை அகற்றுவார்கள். உலோகம் வெளிறிய மஞ்சளாக வந்து நிற்கும். தங்கத்தைத் தகடாகத் தட்டி நறுக்கி, சிறு மூசையில் சூடாக்கி, எட்டு மடங்கு பாதரசத்தைச் சேர்ப்பார்கள். தங்கம் அதில் கரைந்துபோகும். தண்ணீரில் கொட்டிக் கழுவி, மெல்லிய ஆட்டுத்தோலில் வைத்து முறுக்கிப் பிழிந்தால் மிகுதியான ரசம் தோலின் துளை வழியே முத்து முத்தாக வெளியேறும். தோலுக்குள் தங்குவது வெண்ணெய் பதத்தில் ஒரு வெள்ளைப் பசை. தங்கம் அதற்குள் இருக்கிறது என்று சொன்னால் நம்ப முடியாது.

பித்தளைக் கம்பித் தூரிகையை, நைட்ரிக் அமிலத்தில் ரசம் கரைத்த நீரில் நனைத்து, பசையில் ஒற்றி எடுத்து, உருவத்தின் மேல் தேய்ப்பார்கள். அந்த நீர் பட்ட இடம் வெள்ளிநிறமாக மாறிப் பசையைப் பிடித்துக்கொள்ளும். படாத இடம் பிடிக்காது. மயிர்க்கற்றையின் இடுக்கு, சட்டைமடிப்பின் அடி, எல்லா இடத்துக்கும் ஒரே கனத்தில் போக வேண்டும். தளபதி இப்போது முழுக்க வெள்ளையாக நிற்பார்.

பிறகு கரி அடுப்பு. பாதரசம் 357 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும். தங்கம் அந்தச் சூட்டுக்கு அசையாது. முலாம்காரர் நீண்ட இடுக்கியால் துண்டைத் தழல்மேல் பிடித்துச் சூடேற்றி, எடுத்து, கனத்த உறை போட்ட இடது கையில் வாங்கி, நீண்ட மயிர்த் தூரிகையால் எல்லாப் பக்கமும் தட்டித் தட்டிப் பசையை நிரவுவார். மறுபடி தழல், மறுபடி தட்டு. அவர் முகத்துக்கும் துண்டுக்கும் ஒரு முழம் இடைவெளி. ரசம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு நீர் தெளிப்பார். அது சுண்டும் ஓசையைக் கேட்டே சொல்லிவிடுவார். ரசம் ஓடிய இடத்தில் சோபையற்ற மஞ்சள் தோல் மட்டும் மிஞ்சும். காடி கலந்த நீரில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் பொன்னென்று தெரியும். விலையுயர்ந்த வேலையில் இதே சுற்று இரண்டாவது, மூன்றாவது தடவையும் நடக்கும்.

இதோடு விட்டால் எல்லா இடமும் ஒரே மினுக்காக இருக்கும். பாரிஸ் வேலையின் அழகு மங்கலும் மெருகும் அடுத்தடுத்து வருவதில் இருக்கிறது: முகமும் துணியும் பட்டுபோல் மங்கல், விளிம்பும் வாளும் பொத்தானும் கண்ணைப் பறிக்கும் மெருகு. மங்கல் முலாமை நிலைநிறுத்திய பெருமையை பியேர் கூத்தியேருக்குக் கொடுப்பார்கள். 1813இல் காலமானவர், 16ஆம் லூயியின் அரண்மனைக்கு வேலை செய்தவர். மெருகிட வேண்டிய இடங்களுக்குச் சுண்ணப்பொடி, சர்க்கரை, பிசின் குழைத்த காப்பைப் பூசி மூடிவிடுவார்கள். மற்ற இடத்தில் வெடியுப்பு, படிகாரம், கடலுப்பு சேர்ந்த கலவையை அப்பிச் சூடாக்குவார்கள். உப்பு உருகிக் கண்ணாடிபோல் தெளியும்போது சட்டென்று குளிர்ந்த நீரில் அமுக்கினால் ஓடு வெடித்துக் கழன்றுவிடும். உருகிய உப்பு பொன்னின் மேற்பரப்பை இம்மியளவு அரித்திருக்கும், அதுதான் மங்கல். காப்பு இருந்த இடத்தைப் பிறகு இரத்தக்கல் பதித்த கோலால், காடிநீர் தொட்டுத் தொட்டு, அழுத்தித் தேய்த்தால் மெருகு ஏறும். இதை முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். கை ஒரு தடவை வழுக்கி மங்கலுக்குள் போனால் அந்தக் கோடு அழியாது.

அந்த ஒரு முழ இடைவெளிக்குத் திரும்புகிறேன். எட்டுப் பங்கு ரசத்தில் தோலில் பிழிந்ததுபோக மீதியெல்லாம் காற்றில் போயிற்று. அந்தக் காற்றைத்தான் பட்டறையில் இருந்தவர்கள் சுவாசித்தார்கள். ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், கை நடுங்கும். கை நடுக்கம் முலாம்காரருக்குப் பிழைப்பு போவதற்குச் சமம். வெற்றித்தேவி, மார்ஸ், மாலை சூடிய தளபதி என்று யாருக்குப் பூசினாலும் புகை ஒன்றுதான். போர்க்களத்துக் காயத்துக்கு ஓய்வூதியம் உண்டு, அடுப்படிக் காயத்துக்குக் கிடையாது.

முதலாளிகள் இதை அறியாதவர்கள் அல்ல. பாரிசின் பெயர்பெற்ற வெண்கல முதலாளி ஆந்த்ரே-ஆந்த்வான் ரவ்ரியோ 1814இல் இறக்கும்போது தன் உயிலில் 3,000 பிராங்கு ஒதுக்கினார். முலாம்காரர்களை ரசத்தின் கேட்டிலிருந்து காக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு அது பரிசு. அறிவியல் அகாதெமி போட்டி வைத்தது. வேதியியலாளர் ழான்-பியேர்-ஜோசப் தார்சே 1818இல் பரிசை வென்று, பொன்முலாம் பற்றிய தன் ஆய்வுரையையும் அச்சிட்டார். இந்தத் தொழிலின் உட்கூறுகளை இன்று இவ்வளவு விவரமாக நாம் அறிவதற்கு அந்த நூல் பெரிய துணை.

அவர் கண்ட வழி வியக்க வைக்கும் அளவு எளிது. முலாம் அடுப்புக்கு மேலே அகன்ற புகைபோக்கி. அதன் அடியில் தனியாக ஒரு சின்ன அடுப்பு, எப்போதும் எரிந்தபடி. இந்தச் சின்ன அடுப்பின் சூட்டில் புகைபோக்கிக்குள் காற்று மேலேறும். மேலேறும் காற்று முலாம் அடுப்பின் வாயிலிருந்து ஆவியை இழுத்துக்கொண்டு போகும். வேலைக்காரர் முகம் வெளியே இருக்கும், கை மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்கு உள்ளே. இன்றைய வேதியியல் கூடத்தில் புகை உறிஞ்சும் பெட்டி என்று நிற்பதும் இதே யோசனைதான். ஆனால் சின்ன அடுப்புக்குக் கரி செலவாகும். பரிசு வென்றதற்கும் தெருத்தெருவாக இருந்த பட்டறைகள் அதைக் கட்டுவதற்கும் நெடுந்தூரம்.

நடுவில் எனாமல், உள்ளே ஊசல்

முகப்பு வேறொரு உலகம். மெல்லிய செம்புத் தகட்டைக் கொஞ்சம் குவித்து, நடுவிலும் சாவி போகும் இடங்களிலும் துளையிட்டு, இரண்டு பக்கமும் எனாமல் பொடியைத் தூவிச் சூளையில் சுடுவார்கள். பின்பக்கமும் பூசுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஆறும்போது தகடு முறுக்கி எனாமல் வெடிக்கும். வெள்ளை அடுக்கு அடுக்காக ஏறியபின் கருப்பு எனாமலில் ரோமன் எண்களும், கடைக்காரர் பெயரும் எழுதி மீண்டும் சூடு. புரட்சி அரசு நாளைப் பத்து மணியாகவும் மணியை நூறு நிமிடமாகவும் பிரித்துச் சட்டம் போட்ட காலத்தில் இந்த எண் எழுதுபவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். 1795 ஏப்ரலில் அந்தக் கட்டாயம் நிறுத்தப்பட்டது. பத்துமணி முகப்புகள் அருங்காட்சியகப் பொருளாயின.

இயந்திரம் பெரும்பாலும் பாரிசில் பிறந்தது அல்ல. நார்மண்டியில் தியெப் துறைமுகத்துக்கு அருகிலுள்ள சேன்-நிக்கொலா-தலியெர்மோ ஊரில் கடிகாரத் தொழிலை ஓனொரே போன்ஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தினார். அங்கிருந்து மெருகில்லாத அரைகுறை இயந்திரங்களாக வந்திறங்கும். பாரிஸ் கடிகாரக்காரர் அவற்றைச் சீர்செய்து, ஓடவிட்டு, கடிகாரத்துக்குள் வைப்பார். இரண்டு வட்டப் பித்தளைத் தட்டுகளுக்கு நடுவே இரண்டு சுருள்வில் டப்பி. முன்னாலிருந்து பார்க்க, வலப்பக்கச் சாவித்துளை நேரம் ஓட்டுவதற்கு, இடப்பக்கத்துளை மணி அடிப்பதற்கு. பின்புறம் இரண்டு பித்தளைப் பட்டைகள் நீண்டு கடிகாரத்தின் பின்வளையத்தைப் பிடித்துக்கொள்ளும்; திருகை முடுக்கினால் முகப்பும் இயந்திரமும் வெண்கலத்தை இரு பக்கமும் கவ்வி நிற்கும்.

ஊசல் தொங்குவது பட்டு நூலில். இரண்டாக மடிந்த ஒரு பட்டிழை, அதன் ஒரு முனை ஒரு சிறு தண்டில் சுற்றியிருக்கும். அந்தத் தண்டைத் திருகினால் நூல் சுருங்கி ஊசல் உயரும், கடிகாரம் வேகமாகும். எதிர்ப்பக்கம் திருகினால் தாமதமாகும். பட்டு ஈரத்துக்கு நீளும், வறட்சிக்குச் சுருங்கும், அதனால் இந்தக் கடிகாரங்களிடம் நிமிட சுத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கடிகாரக்காரர் அஷில் ப்ரொகோவின் எஃகுத்தகட்டுத் தொங்கல் 1840களில் பரவியபின் பட்டு ஒழிந்தது. பட்டுத் தொங்கலோடு இன்றும் இருக்கும் கடிகாரம் அதற்கு முந்தையது என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி. மாற்றிப் பொருத்தியவையும் ஏராளம் என்பதால் ஒரே சாட்சி போதாது.

அதே 1840களில் முலாமும் மாறியது. பர்மிங்காமின் எல்கிங்டன் 1840இல் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் ருவோல்ஸ் என்பவரின் மின்முலாம் உரிமையைக் கிறிஸ்தோஃபில் என்ற தொழிலதிபர் 1842இல் வாங்கிப் பெரிய தொழிலாக்கினார். பாதரசம் குறைந்தது நல்லது. பொன்னும் குறைந்தது, மங்கலும் மெருகும் சேரும் அந்த ஆழமும் போயிற்று. உருவத்தையே துத்தநாகத்தில் வார்த்து மேலே பொன்னிறம் ஏற்றிய மலிவுத் தளபதிகளும் பின்னால் வந்தார்கள். அடையாளம் காண உள்பக்கம் போதும்: அடியாணியை அவிழ்த்துப் பார்த்தால் ரச முலாம் பூசியதன் முதுகு பூசப்படாத மஞ்சள் உலோகமாக, ஓரத்தில் பசை வழிந்த தடம் பொன்னாக இருக்கும். துத்தநாகத்தில் கீறல் வெள்ளையாகத் தெரியும்.

வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் பித்தளைக்குப் போடும் பாலிஷை அருகில் கொண்டுவராதீர்கள். மங்கல் பகுதியில் ஒரு தடவை தேய்த்தாலே அது பளபளக்கத் தொடங்கும், திரும்ப மங்கலாக்க யாராலும் முடியாது.

ஓட வைக்க, முதலில் கடிகாரத்தைச் சமதளத்தில் வைத்து, ஊசலைத் தொங்கவிட்டு, டிக் டக் இரண்டும் சம இடைவெளியில் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் நொண்டினால் ஊசலை உந்தும் கவையை இம்மியளவு வளைத்துச் சரிசெய்வார்கள். அடுத்தது மணி. பின்னால் ஒரு சக்கரத்தின் விளிம்பில் வெவ்வேறு தூரத்தில் வெட்டுகள் இருக்கும். சுத்தியல் எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பதை அந்த வெட்டுகளே தீர்மானிக்கின்றன. பன்னிரண்டு மணி நேரத்தில் முழு மணிக்கு 78, அரை மணிக்கு ஒவ்வொன்றாக 12, ஆக 90 அடி. முள் எங்கே இருக்கிறது என்று அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது. அதனால் நிமிட முள்ளைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. முன்னோக்கித் திருப்பும்போதும் ஒவ்வொரு அரை மணியிலும் நின்று அடித்து முடிக்க விட வேண்டும். அவசரப்பட்டுத் தாண்டினால் மூன்று மணிக்கு ஏழு அடிக்கும். அப்படி ஆகிவிட்டால் முள்ளைத் தொட வேண்டாம்: பின்கதவைத் திறந்து, அடிப்புச் சக்கரத்தின் வெட்டில் விழுந்து கிடக்கும் நெம்புகோலை விரலால் மெல்லத் தூக்கி விடுங்கள். ஒரு தடவை தூக்கினால் வரிசையில் அடுத்த மணியை அடிக்கும். முள் காட்டும் மணிக்கு அடி வந்து சேரும்வரை தூக்கித் தூக்கி விட வேண்டியதுதான்.